கொளஞ்சியின் செட்டு

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைப் புள்ளி கூடுதலாக இருந்தது.

இளவரசு முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. கடலூர் சிப்காட்டில் இப்படி மழை பெய்தால் தெரு முழுக்க ஒரு வாடை கிளம்பும். எந்தக் கம்பெனியின் புகை எந்தக் கம்பெனியின் தண்ணீரோடு கலந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது, மருந்துக்கடைக்குள் அழுகின முட்டையை உடைத்துக் கொட்டிய மாதிரி ஒரு நாற்றம், ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் வழியாகக்கூட நுழைந்துவிடும். கம்பெனியின் கம்ப்யூட்டர்களையும் போன்களையும் பார்த்துக்கொள்கிற அவனுடைய சின்ன அறை முதல் மாடியில்; அதற்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, யூபிஎஸ் பெட்டிகள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தன, அந்த உறுமலுக்கு அடியில் தகரக் கூரைகளின்மேல் மழை விழுவது தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போலக் கேட்டது. மழை நாளில் வைஃபை இப்படித்தான் கிறுக்குப் பிடித்து ஆடும். ரெப்ரெஷ் பண்ணினால் போய்விடும் என்று ஒரு தட்டு தட்டினான்.

போகவில்லை.

திரையில் இருந்தது பேக்டரியின் வரைபடம். கேட், எடைமேடை, ஸ்டோர், கேன்டீன், வரிசையாகப் பிளான்ட்டுகள், எல்லாவற்றுக்கும் பின்னால் காம்பவுண்டு மூலையில் ஈ.டி.பி. என்று எல்லோரும் சொல்கிற கழிவுநீர்த் தொட்டிகள். இங்கே வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு செட்டு வைத்திருப்பார்கள். பார்க்க செல்போன் மாதிரியே இருக்கும், ஆனால் வெளியே பேச முடியாது. கம்பெனி வைஃபையில் மட்டும் ஓடும். யார் எந்தப் பக்கம் நடக்கிறார்களோ அந்தப் பக்கத்து வைஃபைப் பெட்டியோடு அவர்கள் செட்டு ஒட்டிக்கொள்ளும், திரையில் அவர்கள் பெயர் போட்ட புள்ளியும் அங்கே நகர்ந்து போய் உட்காரும். செக்யூரிட்டி ஆரோக்கியராஜ் கேட்டில் இருந்தார். மேனேஜர் சபாபதி தன் அறையில் இருந்தார். இளவரசு என்று போட்ட புள்ளி இந்த அறையிலேயே இருந்தது. ஈ.டி.பி. மூலையில், தரைக்கடியில் இருக்கிற பழைய சம்ப்புத் தொட்டிக்குப் பக்கத்தில், யாரும் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு புள்ளி. அதன் பெயர் கொளஞ்சி.

இளவரசு திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டு மறுபடி படித்தான்.

கொளஞ்சி செத்துப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. செத்தது அந்தச் சம்ப்புக்குள்தான். அந்தப் பெயரை சிஸ்டத்திலிருந்து அழித்ததும் இளவரசுவேதான்.

என்ன நடந்ததென்று சொல்லிவிட வேண்டியதுதான். மறைத்தவரைக்கும் இளவரசு மறைத்தது போதும்.

இந்தச் செட்டுகள் பேக்டரிக்கு வந்ததே அவனால்தான். முன்பெல்லாம் சுவருக்குச் சுவர் ஒயர் போன் தொங்கும். மணி அடித்தால் எடுக்க ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், வால்வைப் பார்க்க நாலடி தள்ளிப் போனால் அடித்தது கேட்காது. கெமிக்கல் கம்பெனி என்பதால் சொந்த செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "நடந்துகிட்டே பேசலாம் மாமா. ஆளுங்க கட்டிப்போட்ட மாடு மாதிரி ஒரே எடத்துல நிக்க வேணாம்" என்று சபாபதியிடம் சொல்லிச் சொல்லியே வாங்க வைத்தான். சபாபதி அவன் மனைவி கயல்விழிக்குச் சித்தப்பா; இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதனால் ஆபீசிலும் அவர் மாமாதான். செட்டு வந்ததும் ஒயர் போன்களை இளவரசு தன் கையாலேயே கழற்றிப் போட்டான். எல்லோருக்கும் சந்தோஷம். ஈ.டி.பி. ஆபரேட்டர் கொளஞ்சிக்கு எல்லோரையும்விட ஜாஸ்தி. கீரப்பாளையத்துப் பையன், நெல்லு வயலில் வளர்ந்தவன். "அண்ணே, தொட்டிய சுத்திச் சுத்தி வந்துகிட்டே பேசறேன், வரப்புமேல நடக்கற மாதிரியே இருக்கு" என்று செட்டிலேயே கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பான்.

ஆயுதபூஜை வந்தது. கேன்டீனில் நீளமாக மேசை போட்டு, ஸ்பேனர், வெல்டிங் மிஷின், போர்க்லிஃப்ட் சாவி என்று அவரவர் தொழில் சாமானை வைத்திருந்தார்கள். இளவரசுவின் ஆயுதம் எது? செட்டுகள்தானே. பேக்டரியில் இருக்கிற அத்தனை செட்டையும் ஒன்றுவிடாமல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு குங்குமப் பொட்டு வைத்து, போட்டோ எடுத்து ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமென்று அவனுக்கு ஓர் ஆசை. இடம் இடமாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தான். பிளான்ட்டையெல்லாம் நிறுத்தியாயிற்று. ஈ.டி.பி.யை மட்டும் நிறுத்த முடியாது, அங்கே தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். கொளஞ்சி மட்டும் தனியாக இருந்தான்.

"அண்ணே, இத மட்டும் உடுங்கண்ணே. பம்பு காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது. எறங்க வேண்டியதாப் போச்சுன்னா மேல நிக்க ஓராள கூப்புடணும்."

"பூஜைக்கு ஒண்ணு கொறஞ்சா நல்லாவாடா இருக்கும்? ஏதாச்சும்னா கேன்டீனுக்கு ஓடியா."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது வழக்கம். செட்டுகள் பொட்டும் பூவுமாக மேசையிலேயே கிடந்தன. மைக்செட் அலறியது. பொரி, கடலை, வாழைப்பழம், சிரிப்பு. கொளஞ்சி ஓடி வந்தானா, அங்கிருந்தே கத்திப் பார்த்தானா, யார் கண்டார்கள். பம்பு நின்றிருக்கிறது; தொட்டி நிரம்பித் தண்ணீர் பின்னாலிருக்கிற வாய்க்காலில் வழியப் போயிருக்கிறது; வழிந்தால் அவன் தலைதான் உருளும். தனியாகவே இறங்கிவிட்டான். உள்ளே விஷக்காற்று. சாயங்காலம் அவனுக்குப் பொரிப் பொட்டலம் கொண்டுபோன ஆரோக்கியராஜ்தான் முதலில் பார்த்தார்.

போலீஸ் வருவதற்குள் சபாபதி இளவரசுவை ஓரமாகக் கூப்பிட்டு, "அவன் செட்டு எங்கடா?" என்று மட்டும் கேட்டார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தாலாவது பழியை அவர்மேல் போட்டுவிட்டு இளவரசு ராத்திரி தூங்கியிருப்பான். அவனேதான் கேன்டீனுக்குப் போனான். மேசையிலிருந்து கொளஞ்சியின் செட்டை எடுத்தான், சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்தான், சம்ப்பின் விளிம்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். வாங்கினதையும் ஒருவரும் பார்க்கவில்லை, வைத்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை.

செட்டு எட்டுகிற தூரத்திலேயே இருந்திருக்கிறது, ஆனால் கூப்பிடவே இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? வேண்டுமென்றே இறங்கியிருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. முந்தின நாள் வீட்டில் ஏதோ வாய்ச்சண்டை; பெண்டாட்டி வாய் தாங்காமல் போய் விழுந்துவிட்டான் என்று கீரப்பாளையம் முழுக்கப் பேச்சு. கொளஞ்சியின் மனைவி புஷ்பவள்ளியை மாமியார் வாசல்படி ஏற்றவில்லை. சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்து, அண்ணாமலைநகர் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு ஒண்டியிருக்கிறாள். இளவரசுவின் வீடும் சிதம்பரம்தான். பஸ் ஸ்டாண்டில் அவள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பயந்து வண்டிகேட் ஸ்டாப்புக்கு மாறியிருந்தான். இன்று காலையில் அங்கேயும் வந்து நின்றாள், குடை இல்லாமல்.

"அண்ணே, இன்னிக்கு அவரு சாவ விசாரிக்க ஆபீசர் வந்து ஒங்களத்தான் கேக்கப் போறாராம்ல?"

"ஆமாம்மா."

"கையில செட்டு இருந்தா அவரு கூப்புட்டிருப்பாருண்ணே. வரப்புல பாம்பக் கண்டாக்கூட கத்தி ஊரக் கூட்டற ஆளு அவரு." முகத்தில் வழிந்த மழையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "எம்பொண்ணு கேக்குதுண்ணே, நீ திட்டுனதாலதான் அப்பா செத்துப்போச்சான்னு. அதுக்கு நான் என்னா பதில் சொல்ல? ஒங்களுக்குத் தெரிஞ்சத ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அந்த நேரம் பார்த்துக் கடலூர் பஸ் வந்தது. இளவரசு ஏறிவிட்டான். இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது திரையில் அந்தப் புள்ளி அசையாமல் நின்றது. இளவரசு எழுந்து, மூலையில் இருந்த பீரோவைத் திறந்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்த கொளஞ்சியின் செட்டு அடித்தட்டில், பழைய ஒயர் சுருள்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக் கவரில் இருந்தது. பேட்டரியை அவனே கழற்றித் தனியாகப் போட்டிருந்தான். இருந்தது. இரண்டும் இருந்தன. ஆனால் கவரின் உட்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது, சோற்றுப் பானையைத் திறந்ததும் மூடியில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நீர், அது கவரின் மூலையில் வடிந்து தேங்கிக் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. ஏசி அறையில், பூட்டின பீரோவுக்குள் எங்கிருந்து தண்ணீர் வரும்? அவன் கவரைத் தொடாமலே கதவைச் சாத்தினான். சாவியைத் திருகும்போது கை வழுக்கியது.

திரும்பிப் பார்த்தான். புள்ளி ஈ.டி.பி.யில் இல்லை. கேன்டீனுக்கு வந்திருந்தது.

அவன் சட்டைப் பையில் இருந்த செட்டு அடித்தது. எல்லாச் செட்டுக்கும் ஒரே மணிதான், தினம் நூறு தடவை கேட்கிற மணி, இன்றைக்கு என்னவோ அது தண்ணீருக்குள்ளிருந்து அடிக்கிற மாதிரி அமுங்கலாகக் கேட்டது. எடுத்துப் பார்த்தான். கொளஞ்சியின் பெயர் ஒளிர்ந்தது. எடுக்கவில்லை. அது தானாக ஓயும்வரை கைநீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றான், ஓய்ந்த பிறகும் உள்ளங்கையில் அந்த அதிர்வு இருந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. நல்லவேளை, இந்தத் தடவை ஆரோக்கியராஜ்.

"சார், கேட்டுக்கு ஒங்களக் கேட்டு ஒரு லைன் வந்துச்சு. பேசவே மாட்டேங்கறாங்க. தண்ணி சளசளக்கற சத்தம் மட்டும் வருது. ஒங்களுக்குத் தள்ளிவிடட்டுமா?"

"யாரு? பேரு என்னா வருது?"

ஆரோக்கியராஜ் பக்கம் மழை மட்டும் கேட்டது.

"மழயில மிஷினு ஏதோ தப்பாக் காட்டுது சார். நான் கட் பண்ணிட்டேன். ஆபீசர் வண்டி வந்துடுச்சு, ஒங்கள மேனேஜர் ரூமுக்கு வரச் சொல்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணும் வந்திருக்கு சார். கொளஞ்சி சம்சாரம். ஆபீசருதான் வரச் சொன்னாராம்."

சபாபதியின் அறையில் டியூப்லைட் எரிந்தது. வெளியே பகல் இருக்கும்போதே இருட்டிக்கொண்டு வந்தது, மேகம் அப்படி. விசாரணைக்கு வந்த சுப்புராயன் வயதானவர், சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரத்தையில்லாமல் கேட்டார். அறைக் கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் புஷ்பவள்ளி நின்றிருந்தாள்; அவள் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஒரு கோடாக ஓடி வாசற்படியைத் தொட்டிருந்தது. இளவரசு அவளைப் பார்க்காமல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியா அவர நீங்கதான் பாத்தீங்கன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்ப அந்தப் போனு அவர்கிட்ட இருந்துச்சா?"

சொல்லிவிடலாம். தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. பூஜைக்காக நான் வாங்கிக்கொண்டேன் சார், அவன் கெஞ்சினான் சார், அப்புறம் நானே கொண்டுபோய் வைத்தேன் சார். மூன்றே வாக்கியம். சொன்னால் வேலை போகும், கேஸ் வரும், கயல்விழி மூஞ்சியில் முழிக்க முடியாது, மாமாவும் மாட்டுவார். சொல்லாவிட்டால் வெளியே நிற்கிறவள் ஆயுசுக்கும் புருஷனைக் கொன்றவள். அவன் வாயைத் திறந்தான்.

மேசைமேல் வைத்திருந்த அவன் செட்டு அடித்தது.

குப்புற வைத்திருந்தான். அதனால் பெயர் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. அது கண்ணாடி மேசையின்மேல் அதிர்ந்து அதிர்ந்து, பூச்சி நகர்வது போல அவன் பக்கமாக நகர்ந்து வந்தது.

"கட் பண்ணுடா" என்றார் சபாபதி.

கட் பண்ணினான். விரலில் ஈரம் பட்டது.

"இருந்துச்சு சார்" என்றான். "செட்டு அவருகிட்டதான் இருந்துச்சு. ஒரு தடவகூட கூப்புடல."

சுப்புராயன் தலையாட்டினார். சபாபதி டீ சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இளவரசு வெளியே வந்தபோது புஷ்பவள்ளி ஒதுங்கி வழிவிட்டாள். அழுவாள், சட்டையைப் பிடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் ஒரு மாதமாகப் பயந்து வைத்திருந்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"நல்லா இருங்கண்ணே" என்றாள். "புள்ளகுட்டியோட நல்லா இருங்க."

படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். சே, என்ன மனுஷன் நான் என்று வாய்விட்டே சொன்னான். சொன்னதை அறை கேட்டுக்கொண்டது. யூபிஎஸ் உறுமல் மட்டும் இருந்தது. பிறகு அது மட்டும் இல்லை என்று பட்டது. உறுமலோடு உறுமலாக, பீரோவுக்குள்ளிருந்து, மெல்ல, சொட்டு சொட்டாக ஒரு சத்தம்.

திரையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

கொளஞ்சியின் புள்ளி கேன்டீனில் இல்லை. ஸ்டோரில் இருந்தது. அவன் பார்க்கப் பார்க்க ஸ்டோரை விட்டு நகர்ந்து ஆபீஸ் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்தது. அவசரமே இல்லாமல் வந்தது, தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசுகிற ஒருத்தன் நடை அது. மாடிப்படி. கொஞ்சம் நின்றது. முதல் மாடி வராந்தா.

கதவுக்கு அடியில் இருந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்தான். நிழல் எதுவும் விழவில்லை. யாரும் இல்லை.

செட்டு அடித்தது.

இந்தத் தடவை எடுத்தான். எடுக்காவிட்டால் கதவு தட்டப்படும் என்று ஏனோ நிச்சயமாகத் தோன்றியது. காதில் வைத்தான். தண்ணீர் மெதுவாக அலம்புகிற சத்தம், சின்ன இடத்துக்குள் எதிரொலிக்கிற மூச்சு. அப்புறம் அந்தக் குரல். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே கெஞ்சல்.

"அண்ணே. செட்டக் குடுங்கண்ணே. எறங்கணும்."

இளவரசு உடைந்துபோனான். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கண்ணிலும் மூக்கிலுமாக வழிந்தது. "குடுத்துடறேன்டா" என்றான். "இதோ கொண்டாறேன். குடுத்துடறேன்." கொடுத்துவிட்டால் முடிந்துவிடும். அவனுடையதை அவனிடம் சேர்த்துவிட்டால் போதும், அப்புறம் ஆபீசர் பின்னாலேயே ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இன்னும் வண்டி கிளம்பியிருக்காது. பீரோவைத் திறந்தான். கவர் பாதிக்கு மேல் கறுப்புத் தண்ணீரால் நிறைந்திருந்தது. கிழித்தான். செட்டை எடுத்தான். பேட்டரியைத் தேடிப் பொருத்த வேண்டும் என்று நினைத்த நேரத்தில் அதன் விளக்கு தானாக எரிந்தது.

தன் செட்டை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான்.

வராந்தாவில் யாரும் இல்லை. படியில் யாரும் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஈரமான காலடி, எல்லாம் மேல்நோக்கி வந்தவை. அவன் அவற்றை மிதிக்காமல் ஓரமாக இறங்கினான். மழை முகத்தில் அறைந்தது. ஸ்டோர். கேன்டீன். பிளான்ட்டுகளுக்கு நடுவில் குழாய்கள் ஒழுகுகிற சந்து. முட்டைநாற்றம் கூடிக்கொண்டே வந்தது, தொண்டை எரிந்தது, கண் எரிந்தது. ஈ.டி.பி.யில் ஒற்றை விளக்கு. சம்ப்பைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நாடா அறுந்து காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. இரும்பு மூடி பாதி திறந்திருந்தது.

மண்டியிட்டான்.

"கொளஞ்சி. இந்தா."

விளிம்பில் வைக்கத்தான் குனிந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. கையை நீட்டினான். உள்ளே ஒரே கறுப்பு, ஒன்றும் தெரியவில்லை. நாற்றம் சட்டென்று நின்றுபோனது.

மழைச் சத்தமும் நின்றுபோனது.

தலைக்கு மேலே வட்டமாக வானம்.

இளவரசுவுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தான். வட்டம் ரொம்ப உயரத்தில் இருந்தது. அதிலிருந்து மழைத்துளிகள் சத்தமில்லாமல் இறங்கி அவன் முகத்தில் விழுந்தன. நெஞ்சுவரை தண்ணீர். வெதுவெதுவென்று இருந்தது. காலுக்கடியில் வழவழவென்று ஏதோ. எப்போது இறங்கினான்? இறங்கவே இல்லையே. சுவரைத் தடவினான். ஏணிக்கம்பி கிடைத்தது. பிடித்தான். விரல்கள் மூடவில்லை. மறுபடி பிடித்தான். கை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

இன்னொரு கையில் செட்டு இருந்தது.

கையில் போன் இருக்கிறது. கூப்பிடலாம். கட்டைவிரலை மட்டும் எப்படியோ அசைத்தான். எந்தப் பெயரென்று தேட முடியவில்லை, அழுத்தினது எதுவோ அது. மணி போனது. ஒரு தடவை. எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, இளவரசு பேசறேன்."

அவன் குரல். அவனுடைய குரலேதான். தினம் அவன் எடுக்கிற அதே இழுப்போடு.

"காப்பாத்து" என்றான். "சம்ப்புக்குள்ள இருக்கேன். ஆள அனுப்பு. நான்தான் வாங்குனேன், நான்தான் செட்டக் கொண்டுபோய் வச்சேன், எல்லாத்தையும் சொல்லிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அது ஒண்ணும் பண்ணல. நான்தான். நான்தான்!"

எதிர்ப்பக்கம் அமைதி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தனின் அமைதி. மூச்சு மட்டும்.

மேலே வெளிச்சம். டார்ச். ஆரோக்கியராஜின் முகம் வட்டத்துக்குள் நீண்டது. பக்கத்தில் குடையோடு சபாபதி. சுப்புராயன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். டார்ச் வெளிச்சம் சுவரில் இறங்கி, தண்ணீரில் ஊர்ந்து, நேராக அவன் முகத்தில் வந்து விழுந்தது.

"மாமா!" என்று கத்தினான். "ஆரோக்கியராஜ்ண்ணே!"

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வெளிச்சம் அவன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஆரோக்கியராஜ் டார்ச்சைத் தாழ்த்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர்களுக்குப் பின்னால் இன்னொருத்தன் வந்து நின்றான். அவன் குனியவில்லை. இளவரசு காலையில் போட்டுக்கொண்டு வந்த நீலக்கட்டம் போட்ட சட்டை. இளவரசுவின் மூக்கு, மீசை, கண்ணாடி. காதில் இளவரசுவின் செட்டு. சட்டையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்ற சபாபதி அதைக் கவனிக்கவில்லை. அவர் திரும்பி அவனிடம் ஏதோ கேட்டார்.

அவன் கீழே பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். மேலே அந்த உதடுகள் அசைய அசைய, கீழே இளவரசுவின் காதுக்குள் குரல் வந்தது.

"செட்டு அவருகிட்டதான் இருந்துச்சு. ஒரு தடவகூட கூப்புடல."